லாலாகுடாவிலிருந்து அரசரடி வரை



நம் மலரில் யாராவது ஒருவர் தம் பிள்ளை என்ன படித்தான், எங்கே வேலைக்குச் சேர்ந்தான் என்று எழுதுவது வழக்கம். பொறியியல், மருத்துவம், கணினி, வங்கித் தேர்வு என்று எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. "உங்கள் மகனைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று ஆசிரியர் குழு நண்பர் கேட்டபோது நான் தயங்கினேன். அவன் படித்த படிப்புக்குக் கம்பெனிக்காரர்கள் வந்து ஆள் எடுப்பதில்லை. சம்பளத்தைச் சொன்னால், சரியாகக் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்பார்கள். அவன் லுத்தரன் திருச்சபையில் ஒரு குருவானவர்.

"அதைத்தான் எழுதச் சொல்கிறேன். அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பயிற்சியைப் பற்றி எழுதுங்கள், பிரசங்கம் மட்டும் வேண்டாம்" என்றார் நண்பர், சிரித்துக்கொண்டே. அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே எழுதுகிறேன்.

சங்கு ஊதும் பேட்டை

லாலாகுடா என்றால் நம்மில் பலருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்தான் நினைவுக்கு வரும். 1893ல் நிஜாம் காலத்து ரயில்வேக்காக ஏற்பட்ட பட்டறை அது. பிறகு மத்திய ரயில்வேயின் கைக்கு வந்து, 1966ல் தென் மத்திய ரயில்வே உருவானபோது அதனுடன் சேர்ந்தது. என் தகப்பனார் 1943ல் பொறையாற்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நான் 1966ல் ஃபிட்டராகச் சேர்ந்தேன். காலையில் சங்கு ஊதினால் பேட்டை முழுவதும் சைக்கிளாக நிறையும். தெலுங்கு, உருது, தமிழ், ஆங்கிலோ இந்தியர் பேசும் இங்கிலீஷ் என்று எல்லாம் கலந்து கேட்கும்.

நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். ஞாயிறு தோறும் தமிழ் ஆராதனை நடக்கும் ஒரு சிறிய சபைக்குப் போவோம். சபையில் இருந்தவர்களில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள். நிரந்தரமாகக் குருவானவர் இருந்ததில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியூரிலிருந்து ஒரு ஐயர் வருவார். (எங்கள் சபைகளில் குருவானவரை 'ஐயர்' என்று அழைப்பது பழைய வழக்கம்.) மற்ற ஞாயிறுகளில் எங்களில் ஒருவரே புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்துவார்.

என் மகன் 1993ல் பி.காம். முடித்தான். ரயில்வே ரெக்ரூட்மென்ட் போர்டின் எழுத்துத் தேர்விலும் தேறினான். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். மூன்றாம் தலைமுறை ரயில்வே என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டும் வந்தேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவன் சொன்னான்: "அப்பா, நான் அந்த இன்டர்வியூவுக்குப் போகலை. ஊழியத்துக்குப் படிக்கப் போறேன்."

நான் அதை நல்லவிதமாக ஏற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. ஒரு மாதம் அவனோடு நான் பேசவில்லை. கோயிலுக்குப் போகிறவன்தான் நான். கடவுள் பக்தி உள்ளவன்தான். ஆனாலும் ஐயர் வேலை என்பது யாரோ ஒருவருடைய பிள்ளை செய்ய வேண்டியது என்றே நினைத்திருந்தேன். அந்த ஒரு மாதத்தில்தான் அது எனக்கே தெரிந்தது.

'வழி'யா, 'வலி'யா?

அவனைத் தடுக்க எனக்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்தது. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது!

இது நம் வீடுகளில் புதிதல்ல. வீட்டில் தமிழ் பேசுவான். தெருவில் தெலுங்கு, கடையில் ஹைதராபாதி இந்தி, பள்ளியில் ஆங்கிலம். எழுதப் படிக்கத் தெரிந்தவை ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும்தான். தமிழை ஓரளவு எழுத்துக்கூட்டுவான், அவ்வளவே.

ஒரு ஞாயிறு அவனைத் திருமறை வாசிக்கச் சொன்னார்கள். யோவான் சுவிசேஷம் 14ஆம் அதிகாரம். அதில் வரும் 'வழி' என்ற சொல்லை அவன் 'வலி' என்று வாசித்தான். பின் வரிசையில் பையன்கள் சிரித்துவிட்டார்கள். வயதான ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது நான் சொன்னேன்: "இந்தத் தமிழை வச்சிக்கிட்டா ஐயராகப் போறே?" ஒரு மாத மௌனத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமே நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் போய்ச் சேர்ந்தான். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளோடு 21 வயதுப் பையன் தரையில் உட்கார்ந்தான்.

அப்போது வகுப்பு நடத்தியவர் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மெட்டுகூடாவில் வீடு. திருமண் இடாமல் வெளியே கிளம்பாத வைணவர். நான் அவரை 'சார்' என்பேன். என் மகன் 'தாத்தா' என்பான். எதற்காகத் தமிழ் படிக்க வந்தாய் என்று முதல் நாளே கேட்டிருக்கிறார். இவனும் மறைக்காமல் சொல்லியிருக்கிறான்.

"ஓஹோ! அப்போ நான் சொல்லிக் கொடுத்து, நீ படிச்சு, கடைசியிலே என்னையே மாத்த வருவியோ?" என்றாராம்.

இவன் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறான். அவரே சிரித்துவிட்டு, "பயப்படாதேடா அம்பி. உட்காரு. உங்க சீகன்பால்கு தரங்கம்பாடியிலே மணல்லே எழுதிக் கத்துண்டார். உனக்கு ஸ்லேட்டாவது இருக்கு" என்றாராம்.

அன்று மாலை மகன் என்னிடம் வந்து, "சீகன்பால்க் கதை அந்தத் தாத்தாவுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டான். அதைச் சொல்லப் போய்த்தான் எங்கள் பேச்சு மறுபடி ஓடத் தொடங்கியது. வாசகர்களுக்கும் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மணலில் எழுதிய மாணவர்

ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் என்ற துறவி 1517ல் தம் காலத்துத் திருச்சபையின் சில நடைமுறைகளைக் கேள்வி கேட்டார். 1522ல் புதிய ஏற்பாட்டைச் சாதாரண ஜனங்கள் பேசும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். வீட்டிலும் சந்தையிலும் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தே மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் வழியில் வந்தவர்களே லுத்தரன்கள்.

அந்தத் தரங்கம்பாடி அன்று டென்மார்க்காரர் வசம் இருந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் 1706 ஜூலை 9ல் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு வயது 23. ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தவர். படித்த படிப்பு எதுவும் இங்கே உதவவில்லை. மக்கள் பேசியது ஒரு சொல்லும் புரியவில்லை. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிக் கற்றார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708ல் தாம் படித்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே தயாரித்தார். ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டு, பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713ல் அவர் எழுதிய பெரிய நூல் அவர் காலத்தில் அச்சாகவில்லை. 1867ல்தான் சென்னையில் அச்சேறியது. பிற மதத்தாரின் தெய்வங்களைப் பற்றி இத்தனை அக்கறையாக எழுதியது ஐரோப்பாவில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. கவர்னரோடு மோதல் வந்து, நான்கு மாதம் கோட்டையில் சிறையும் இருந்தார்.

பயிற்சி என்ற விஷயத்துக்கு வருகிறேன். 1716லேயே சீகன்பால்க், உள்ளூர் இளைஞர்களை ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஆக்க ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார். 1719ல் 36 வயதில் இறந்துபோனார். 1718ல் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரர் ஆரோன் என்பவர் ஆசிரியராக, உபதேசியாராக ஊர் ஊராக நடந்து வேலை செய்து, 1733 டிசம்பர் 28ல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் இந்தியக் குருவானவர் அவர்தான். ஞானஸ்நானத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவே 15 ஆண்டு! "நீ நாலு வருஷத்துக்கே அவசரப்படறே" என்று மகனிடம் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒருவாறு சம்மதித்துவிட்டேன் என்பதை அவன் அப்படித்தான் தெரிந்துகொண்டான்.

சேரும் விதம்

இந்தப் படிப்புக்கு எப்படிச் சேருவது என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பி, பணம் கட்டிச் சேர்ந்துவிட முடியாது. முதலில் பிள்ளை இருக்கும் சபை சிபாரிசு செய்ய வேண்டும். பிறகு திருச்சபையின் குழு நேர்முகமாகப் பார்க்கும். ஏன் வருகிறாய், வேறு வேலை கிடைக்கவில்லையா, குடும்பத்தில் கடன் உண்டா என்று எல்லாம் கேட்பார்கள். அதன் பிறகே கல்லூரியின் நுழைவுத் தேர்வு.

எங்களுக்குப் பக்கத்திலேயே, ஹுசைன் சாகருக்குக் கீழே காந்திநகரில், ஆந்திரா கிறிஸ்தவ இறையியல் கல்லூரி இருக்கிறது. 1964ல் ராஜமந்திரியில் தொடங்கி, 1970களில் ஹைதராபாத்துக்கு வந்த கல்லூரி. லுத்தரன், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், தென்னிந்தியத் திருச்சபை எல்லாம் சேர்ந்து நடத்துவது. குண்டூரில் 1842ல் ஹையர் என்ற அமெரிக்க லுத்தரன் பாதிரியார் ஆரம்பித்த பணியின் வழி வந்த தெலுங்கு லுத்தரன்களும் அங்கேதான் படிக்கிறார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் லுத்தரன்களுக்கென்றே குருகுல் கல்லூரி இருக்கிறது. 1927ல் தரங்கம்பாடியில் தொடங்கி, பிறகு சென்னைக்கு மாறியது அது. நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரி உண்டு. மதுரை அரசரடியில் 1969ல் ஏற்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன்களும் சேர்ந்து படிக்கிறார்கள். அங்கே பாடம் தமிழில்.

பட்டம் தருவது வங்காளத்துச் செராம்பூர். 1818ல் ஏற்பட்ட அந்தக் கல்லூரிக்கு டென்மார்க் மன்னர் 1827ல் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அப்போது டேனிஷ்காரர் ஊர். படிப்பின் பெயர் பி.டி.; பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டு.

எல்லோரும் அவனைக் காந்திநகருக்குப் போகச் சொன்னார்கள். பஸ் ஏறினால் போய்விடலாம். தெலுங்கும் நன்றாகத் தெரியும். அவன் மதுரைக்குத்தான் போவேன் என்றான். "நம்ம சபையிலே இருக்கிற பாட்டிகளுக்குத் தெலுங்கிலேயா பேசறது?" என்று கேட்டான். ஓராண்டு தமிழ் வகுப்பில் உட்கார்ந்து, 1994ல் நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினான். சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும், அங்கிருந்து பாண்டியனில் மதுரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தேன். கல்லூரி வாசலில் என்னிடம் அவன் காட்டிய பெயர்ப்பலகையை, அவனே தடங்கலில்லாமல் வாசித்தான்.

பிரித்துப் பூட்டும் வேலை

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பயணிகள் பெட்டி ஒன்று பராமரிப்புக்கு வந்தால், அதைத் தூக்கிப் போகியைக் கழற்றி, சக்கரம், ஸ்பிரிங், பிரேக் என்று தனித்தனியாகப் பிரிப்போம். தட்டிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி வெளியே அனுப்புவோம். அரசரடியில் என் மகனுக்கு நடந்ததும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கோட்பாடு இவை எதிர்பார்த்தவைதாம். எபிரேயம், கிரேக்கம் போன்ற மூல மொழிகளும் உண்டு. இந்து சமயம், இஸ்லாம், பௌத்தம் பற்றியும் பாடம் உண்டு, தேர்வும் உண்டு. சாதி, வறுமை, நிலம், கூலி இவற்றையும் படிக்க வேண்டும். மாணவர்கள் ஒரு காலம் வளாகத்தை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதியில் குடியிருந்து படிக்கும் ஏற்பாடும் அந்தக் கல்லூரியில் இருந்தது. குழாயடியில் தண்ணீர் பிடித்து, அங்கே கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட வேண்டும். 'பரட்டை' என்று மாணவர்கள் அன்பாக அழைத்த தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தார், 2005ல் காலமானார். கிராமத்து மெட்டுகளிலும் பறையிலும் ஆராதனைப் பாட்டு அமைத்தவர். மேல்நாட்டு ராகங்களில் ஞானப்பாட்டுப் பாடி வளர்ந்த எனக்கு, லீவில் வந்த மகன் பாடிக் காட்டியபோது முதலில் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி மட்டும், "எங்க ஊர் நடவுப் பாட்டு மாதிரி இருக்கே" என்று சந்தோஷப்பட்டாள்.

இத்தனையிலும் அவனை உண்மையில் பிரித்துப் போட்டது வேறு ஒரு பயிற்சி. ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைச் சந்திக்க வேண்டும். திரும்பி வந்து, நீ என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னிலும் அது வாசிக்கப்படும்.

கால் எடுக்கப்பட்ட ஒரு லாரி டிரைவரைப் பார்த்துவிட்டு வந்து, இவன் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆசிரியர் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: "இதில் நீ பேசியது 26 வரி. அவர் பேசியது மூன்று வரி. நீ அவரைப் பார்க்கப் போனாயா, அவர் உன்னைப் பார்க்க வந்தாரா?"

அந்த மூன்று வரியில் ஒரு வரி, 'வீட்டுக்கு இன்னும் சொல்லலை' என்பது. அதை இவன் கவனிக்கவே இல்லை. ஜெபத்துக்குப் போய்விட்டான். மறுநாள் மறுபடி போய்ப் பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. டிஸ்சார்ஜ் ஆனாரா, வேறெங்காவது கொண்டுபோனார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு எனக்குக் கடிதம் எழுதினான். 'அப்பா, பேசத்தான் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தேன்' என்று ஆரம்பித்திருந்தான். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

தாத்தாவுக்கு வாசித்தது

1998ல் படிப்பை முடித்து, சபையில் பயிற்சிக் காலத்தில் இருந்தான். 2000ல் குருப்பட்டம். அந்த அழைப்பிதழை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது மெட்டுகூடா தாத்தாவுக்குத்தான். வர முடியாத தூரம், உடம்பும் சரியில்லை. அழைப்பிதழை இவனையே வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். முழுவதும் கேட்டுவிட்டு, "ழகரம் வந்துடுத்துடா" என்றாராம்.

2003ல் அவர் படுக்கையில் விழுந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். என் மகன் இரண்டு வாரம் விடுமுறையில் வந்திருந்தான். தினமும் மாலையில் போய் அவர் பக்கத்தில் உட்காருவான். முதல் நாள் நானும் கூடப் போனேன். எனக்கு உள்ளூர ஒரு பயம். குருவானவர் அங்கியை அவன் போட்டுக்கொண்டு போகவில்லைதான். ஆனாலும் சாகக் கிடக்கிற மனிதரிடம் மதத்தைப் பற்றி ஏதாவது பேசிவிடுவானோ, இத்தனை வருஷச் சிநேகம் கெட்டுவிடுமோ என்று நினைத்தேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. "தாத்தா, என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டான்.

அவர் அலமாரியைக் காட்டினார். அதில் இருந்தது திவ்யப் பிரபந்தம். கண் தெரியவில்லை, வாசித்துக் காட்ட ஆளில்லை. என் மகன் அதை எடுத்து, அவர் சொன்ன பக்கத்தைப் புரட்டி, நிதானமாக வாசித்தான். தப்பு வந்த இடத்தில் அவர் விரலைத் தூக்குவார். இவன் திருத்தி மறுபடி வாசிப்பான். பத்து நாள் அப்படியே நடந்தது. அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். விடுமுறை முடிந்து அவன் போன மறு வாரம் அவர் காலமானார்.

எங்கள் சபையில் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஐயரே இப்படிச் செய்யலாமா? கிடைத்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னதும் நம்பிக்கையில் வந்ததுதான். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. மகனிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"அவர் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்பா. என் நம்பிக்கையை நான் எங்கேயும் மறைச்சதில்லை. ஆனா அவர் கேட்டது அது இல்லையே. எனக்கு எழுத்துக் கொடுத்தவர். அந்த எழுத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன்" என்றான்.

இறைப்பணி என்றால் நாலு பேரிடம் போய்ப் பேசுவது என்றே நான் 50 வருஷம் நினைத்திருந்தேன். நான்கு ஆண்டு படித்து அவன் கற்றது, போன இடத்தில் முதலில் வாயை மூடிக்கொண்டு உட்காருவது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இன்று

2006ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கியதன் 300ஆம் ஆண்டு விழா நடந்தபோது மகன் எங்களை அழைத்துப் போனான். என் தகப்பனார் ஏறி வந்த மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயில் 1986லேயே நின்றுபோனதால், பஸ்ஸில்தான் போனோம். 2004 சுனாமியின் காயங்கள் கரையில் இன்னும் ஆறவில்லை. 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்கின் கல்லறைக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நின்றோம். பிறகு வெளியே வந்து கடற்கரை மணலில் உட்கார்ந்தபோது, என் பேத்தி விரலால் தன் பெயரை எழுதினாள். தமிழில்தான் எழுதினாள்.

இப்போது அவன் இருப்பது திருப்பூர்ப் பக்கம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்கள் அங்கே நிறைய. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால் படிவம் நிரப்பத் தெரியாது. மகன் தன் ஹைதராபாதி இந்தியோடு அவர்களோடு போகிறான். 'நக்கோ', 'ஹவ்' என்று இவன் பேசுவதைக் கேட்டு அவர்கள் முதலில் சிரிப்பார்களாம். பிறகு தங்கள் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்களாம். அவர்களில் கிறிஸ்தவர் சிலர், மற்றவர் பலர். எல்லோருக்கும் படிவம் ஒன்றுதானே!

தெருவில் பொறுக்கியது என்று நான் அலட்சியமாக நினைத்த அந்த இந்திதான் இன்று அவன் ஊழியத்துக்கு உதவுகிறது. ஊரை விட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு, ஊரை விட்டு வந்தவனின் முகம் பார்த்தவுடன் தெரிகிறது. இந்த ஒரு பாடத்தை எந்தக் கல்லூரியும் அவனுக்குக் கற்றுத் தரவில்லை. அது லாலாகுடாவில் படித்தது.

சம்பளம் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. சபை கொடுக்கும் வீட்டில் குடியிருப்பு. சில ஆண்டுக்கொரு தரம் மாற்றல். பிள்ளைகளுக்குப் பள்ளி மாறும். மருமகளுக்கு அக்கம்பக்கம் மாறும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து போக வேண்டும். இந்தப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதையெல்லாம் தெரிந்தே அனுப்ப வேண்டும். வேலையை விடாமல் படிக்க விரும்புகிறவர்களுக்கு, வீட்டிலிருந்தபடியே படிக்கும் படிப்புகளையும் செராம்பூர் நடத்தி வந்திருக்கிறது. முதலில் அதில் சேர்ந்து பார்ப்பது நல்லது.

மற்ற வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டே விஷயம். உங்கள் பிள்ளை நீங்கள் நினைக்காத ஒரு வேலையின் பெயரைச் சொன்னால், என்னைப் போல ஒரு மாதம் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அந்த மாதம் திரும்பி வராது. அடுத்தது, நம் சங்கத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். அவர்கள் அந்த எழுத்தைக் கொண்டு எதை வாசிப்பார்கள், யாருக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று இன்று நமக்குத் தெரியாது. மெட்டுகூடா தாத்தாவுக்கும் அன்று தெரியாது.

'வழி'யை 'வலி' என்று வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மகன் ஒரு நாள் அவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுத்துத் தப்புதான், அம்பி. ஆனா ரெண்டும் ஒண்ணா இருக்கிற நாளும் வரும். அப்போ பயப்படாதே" என்றாராம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மகனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் என் சந்திப் பிழையைத் திருத்தினான்.